பேய் விருந்துக்குப் பரங்கிக்காய் சூப்: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: ஐப்பசியில் அமெரிக்காவிலிருந்து மகளும் பேரக்குழந்தைகளும் வருகிறார்கள். அக்டோபர் 31 அன்று ஹாலோவீன், அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு முழுக்கப் பேய் வேஷத்தில் இருக்க வேண்டும் என்கிறாள் பேத்தி. மகள் அனுப்பிய சூப் குறிப்பில் பட்டர்நட் ஸ்குவாஷ் (பரங்கி வகைக் காய்), டின்னில் அடைத்த பம்கின் ப்யூரி, க்ரீம் என்று போட்டிருக்கிறது. கும்பகோணத்தில் பெரிய கடைகளில் கேட்டுப் பார்த்தேன், இல்லை. இணையத்தில் டின் கிடைக்கிறது. ஆனால் விலை எங்கள் வீட்டு ஒரு வாரக் காய்கறிச் செலவு. வாங்கித்தான் ஆக வேண்டுமா?
- வாசகி, பாபநாசம்

பதில்: வேண்டாம். அந்த டின்னுக்குள் இருப்பது வேகவைத்து மசித்த பரங்கிக்காய். தோல் சீவி நறுக்க நேரமில்லாதவர்களுக்காக அங்கே அடைத்து விற்கிறார்கள். உங்களுக்குச் சந்தையில் காயே கிடைக்கிறது. ஆடிப்பட்டத்தில் ஊன்றிய பரங்கிக் கொடி ஐப்பசி வாக்கில் காய்ப்புக்கு வந்துவிடும். கடையில் பரங்கி என்றே கேளுங்கள். வெறுமனே பூசணி என்றால் நம் பக்கத்தில் வெள்ளைப் பூசணியை எடுத்துத் தராசில் வைத்துவிடுவார்கள்.

முழுக்காய் வாங்குவதானால் காம்பைப் பாருங்கள், காய்ந்து இறுகியிருக்க வேண்டும். தோலில் நகத்தை அழுத்தினால் இறங்கக் கூடாது. பளபளவென்று மின்னும் காய் பெரும்பாலும் பிஞ்சு. மங்கலாக, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனமாக இருப்பது முற்றியது. அடியில் ஒரு பக்கம் வெளிறிய மஞ்சள் திட்டு இருந்தால் அது தரையில் படுத்திருந்த இடம், குறையல்ல. துண்டாக வாங்குவதானால் உங்கள் கண்ணெதிரே வெட்டித் தரச் சொல்லுங்கள். அடைமழைக் காலத்தில் காலையில் வெட்டி வைத்த கீற்று மாலைக்குள் குடல் பக்கம் கொழகொழத்துவிடும். சதை ஆழ்ந்த ஆரஞ்சு நிறம், விதை பருமன், அது போதும். வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்னத் துணுக்கைப் பச்சையாக நாக்கில் வையுங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயையும் கொட்டிவிடுங்கள். குக்குர்பிட்டசின் என்ற பொருள் தரும் கசப்பு அது. வேகவைத்தாலும் போகாது, வயிற்றையும் படுத்தும்.

ஆறு பேருக்குத் தோலோடு ஒன்றேகால் கிலோ தாராளம். பரங்கிக்காய் பால் கூட்டு வைக்கத் தெரிந்தவருக்கு இந்த சூப் பாதி வேலைதான். குக்கரில் கொஞ்சம் வெண்ணெய் விட்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஐந்தாறு பல் பூண்டு, சின்னத் துண்டு இஞ்சி வதக்குங்கள். பரங்கித் துண்டுகளோடு ஒரு கேரட், ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கு சேருங்கள். கிழங்கு இருந்தால் கெட்டிக்குச் சோளமாவு தேவையில்லை. தண்ணீர் காய் பாதி மூழ்கும் அளவுக்கு மட்டும், உப்பு, இரண்டு விசில். அப்புறம் வெந்த தண்ணீரைத் தனியே இறுத்து வைத்துக்கொண்டு, காயை நன்றாக ஆறவிட்டு அரையுங்கள். சூடாக மிக்ஸியில் போட்டால் ஆவி மூடியைத் தூக்கி எறியும், கொதிக்கிற விழுது முகத்தில் தெறிக்கும். பேய் விருந்துக்கு அது வேண்டியதில்லை. இறுத்த நீரைத் தேவைக்கு விட்டுக் கொதிக்கவைத்து, மிளகு சீரகப் பொடி தூவி, அடுப்பைத் தணித்த பிறகு அரைக் கிண்ணம் முதல் தேங்காய்ப்பால் சேருங்கள். க்ரீம் டப்பாவும் மிச்சம்.

விதையைக் கொட்டாதீர்கள். கழுவிக் காயவைத்து உப்போடு வறுத்தால் குழந்தைகள் உரித்துத் தின்பார்கள். கடையில் நூறு கிராம் பாக்கெட்டில் வரும் பச்சை நிறப் பரங்கி விதைப் பருப்பு என்ன விலை என்று பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் "சூப் காய்கறி" என்று நறுக்கி பாக்கெட்டில் வைத்திருக்கிறார்கள். உழவர் சந்தைக்குப் போக நேரமில்லை. வாங்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: வாங்கலாம், கணக்குப் போட்டுவிட்டு. பாக்கெட்டின் விலையைப் பார்க்காமல் கிலோவுக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். இருநூறு கிராமுக்குப் போட்ட விலையை ஐந்தால் பெருக்கினால் தெரிந்துவிடும். முன்கூட்டியே கட்டிய பாக்கெட்டில் நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, கட்டியவர் பெயர் முகவரி, தேதி எல்லாம் இருக்க வேண்டும். பாக்கெட்டுக்குள் தண்ணீர் தேங்கி நின்றால் தொடாதீர்கள்.

நேரம் கிடைத்தால் உழவர் சந்தைதான் என் ஓட்டு. 1999-இல் மதுரையில் தொடங்கிய திட்டம், இப்போது டெல்டா ஊர்களிலும் இருக்கிறது. அன்றன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், அதுதான் முக்கியம். பரங்கி, கிழங்கு நம் பக்கத்துச் சரக்கு. கேரட்டும் பீன்ஸும் மலையிலிருந்து இறங்கி வரவேண்டும், மழையில் லாரி தாமதித்தால் விலை ஏறும். சூப்பில் கேரட் இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. தராசில் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காயைக் கொடுங்கள்.

கேள்வி: சூப் கிண்ணத்திலிருந்து வெள்ளைப் புகை வழிகிற மாதிரி வீடியோ பார்த்த பையன், அதேபோல வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். ட்ரை ஐஸ் வாங்கித் தருவதாக ஒரு விழா அலங்காரக்காரர் சொல்கிறார். பாதுகாப்பானதா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: குழந்தைகள் சாப்பிடும் மேஜைக்கு வேண்டவே வேண்டாம். ட்ரை ஐஸ் என்பது உறைந்த கார்பன் டை ஆக்ஸைடு. மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே இருக்கும், தொட்ட தோல் வெந்துபோகும். 2024 மார்ச்சில் குருகிராமில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டு முடித்தவர்களுக்கு வாய் மணக்க என்று தவறுதலாக இதைக் கொடுத்துவிட, வாயிலிருந்து ரத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பார்க்கச் சர்க்கரைக் கட்டி போல இருப்பதுதான் ஆபத்து. மூடிய அறையில் நிறைய வைத்தால் மூச்சும் முட்டும். டப்பாவில் இறுக்கி மூடி வைத்தால் வெடிக்கும்.

திரவ நைட்ரஜன் இன்னும் மோசம், மைனஸ் 196 டிகிரி. அதை ஊற்றித் தந்த "ஸ்மோக் பிஸ்கட்" சாப்பிட்டு ஒரு சிறுவன் துடித்த வீடியோ பரவியதும், 2024 ஏப்ரலில் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை இப்படி விற்பவர்கள் மீது நடவடிக்கை எடுப்போம் என்று எச்சரித்தது.

புகைக்குச் செலவே வேண்டாம். மழை பெய்த ராத்திரியில் சூடான சூப்பில் ஆவி தானாக எழும். பெரிய விளக்கை அணைத்துவிட்டுக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கை வையுங்கள். முன்னாலிருந்து பார்ப்பவனுக்கு ஆவி நெளிவது நன்றாகத் தெரியும்.

கேள்வி: சூப்பைக் கறுப்பாகவோ பச்சையாகவோ ஆக்கக் கலர் பொடி போடலாமா?
- வாசகி, திருவையாறு

பதில்: பொட்டலம் கட்டித் தரும் பொடி வேண்டாம். துணிச் சாயமான ரோடமின்-பி கலந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்கே தடை வந்தது. வீட்டில் இருப்பதே போதும். வறுத்துப் பொடித்த கறுப்பு எள்ளை மேலே தூவினால் சுடுகாட்டு மண் தயார். பீட்ரூட் வெந்த சாறு நாலு சொட்டு ரத்தம். கெட்டித் தேங்காய்ப்பாலைப் பால் கவரின் மூலையில் சின்ன ஓட்டை போட்டு வட்டம் வட்டமாகப் பிழிந்து, நடுவிலிருந்து ஈர்க்குச்சியால் வெளியே இழுத்தால் சிலந்தி வலை. மினி இட்லியின் மேல் கேரட் வளையம், அதன் நடுவில் கறுப்பு திராட்சைச் சீவல் வைத்து மிதக்க விடுங்கள், கண் முழித்துப் பார்க்கும். என் அனுபவத்தில் பெரியவர்கள்தான் முதலில் அலறுகிறார்கள்.

கேள்வி: பரங்கிக்காயில் முகம் செதுக்கி வாசலில் வைக்கலாம் என்றால், "பேய்க்கு யாராவது வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்களா?" என்று மாமியார் கோபிக்கிறார். செதுக்கிய காயைப் பிறகு சமைக்கலாமா என்றும் சொல்லுங்கள்.
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: மாமியார் விஷயத்தில் நுகர்வோர் சட்டம் உதவாது. புது வீட்டு முகப்பில் முறைத்துப் பார்க்கும் திருஷ்டிப் பூசணியை அவருக்கு நினைவூட்டுங்கள். காயில் முகம் எழுதிப் பேயை விரட்டுவது நமக்குப் புதிதல்ல. ஹாலோவீனுக்கு அயர்லாந்துக்காரர்கள் முதலில் டர்னிப் கிழங்கில்தான் முகம் செதுக்கினார்கள், அமெரிக்கா போன பிறகு பரங்கிக்கு மாறினார்கள். 2024-இல் தீபாவளியே அக்டோபர் 31 அன்று வந்தது என்பதையும் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இறங்கி வரலாம்.

சமையலைப் பொறுத்தவரை வரிசையை மாற்றுங்கள். முதலில் சதையை வழித்து சூப்புக்கு எடுத்துக்கொண்டு, மிஞ்சிய ஓட்டில் முகம் செதுக்குங்கள். உள்ளே மெழுகுவத்தி ஏற்றி மெழுகும் கரியும் பட்ட காயை, வாசலில் இரவெல்லாம் கிடந்த காயைச் சமைக்கக் கூடாது. ஐப்பசி ஈரத்தில் ஒரே நாளில் பூசணம் பிடித்துவிடும். பெயிண்டில் முகம் எழுதிய காய்க்கும் இதே விதிதான்.

கேள்வி: விருந்துக்காக இணையத்தில் வாங்கிய பரங்கி வடிவ பேட்டரி விளக்குகளில் பாதி எரியவில்லை. விற்ற பொருளைத் திரும்ப வாங்க முடியாது என்கிறார் விற்பனையாளர். பொத்தான் அளவு பேட்டரியும் கழன்று விழுகிறது.
- வாசகர், திருவாரூர்

பதில்: பேட்டரியை முதலில் கவனியுங்கள். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்து ஓட்டை விழத் தொடங்கலாம். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு முடுக்கியதாக இல்லாத விளக்கைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள். விளையாட்டுப் பொம்மையாக விற்றிருந்தால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம்.

திரும்ப வாங்க மாட்டேன் என்பது செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாட்களுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். எரியாத விளக்கை வீடியோ எடுத்து, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் பதில் தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்கவும் வேண்டும். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், இத்தனை சிறிய தொகைக்குக் கட்டணமும் இல்லை. பொருள் வந்த அட்டைப்பெட்டியை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். விற்றவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி பெரும்பாலும் அதில்தான் அச்சாகியிருக்கும்.