லில்லியின் முதுகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டெனிஸ் லில்லி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அக்கா மகனுக்கு 16 வயது. சென்னையில் லீக் ஆடும் வலக்கை வேகப்பந்து வீச்சாளன். சில வாரங்களாக இடுப்புக்கு மேலே இடப்பக்கம் வலி. பந்து வீசினால் வருகிறது, ஓய்வெடுத்தால் போய்விடுகிறது. "லில்லிக்கு முதுகே உடைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வீசித்தான் டெஸ்டில் 355 விக்கெட் எடுத்தார்" என்கிறார் அவனுடைய பயிற்சியாளர். லில்லி மீண்டது மன உறுதியால்தானா? பையன் தொடர்ந்து வீசலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

பையன் இன்றே பந்து வீசுவதை நிறுத்தட்டும். வலக்கை வீச்சாளனுக்கு இடப்பக்கக் கீழ்முதுகில் வரும் வலியைச் சாதாரணத் தசைப்பிடிப்பு என்று விட்டுவிடக் கூடாது. வீசும்போது இடக்கால் கிரீஸில் ஊன்றும் கணத்தில் உடல் எடையைப்போல் பல மடங்கு விசை மேலேறுகிறது. அதே கணத்தில் உடம்பு பின்னால் வளைந்து, இடப்புறம் சாய்ந்து, திருகவும் செய்கிறது. மூன்றும் சேர்ந்து கீழ்முதுகின் கடைசி இரண்டு எலும்புகளான எல்4, எல்5 முதுகெலும்புகளின் பின்புறத்தில் இருக்கும் ஒரு மெல்லிய பகுதியை நசுக்குகின்றன. எலும்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், அதற்கு நாள் வேண்டும். அந்த நாளைக் கொடுக்காமல் ஓவர்களைக் கூட்டினால் கீறல் விழும். அதுதான் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். இருபதுகளின் நடுப்பகுதிவரை அந்த எலும்பு முழுதாக முற்றுவதில்லை என்பதால் பதின்வயதினருக்கே ஆபத்து அதிகம். ஓய்வெடுத்தால் வலி போகிறது என்பதை நம்பி ஏமாற வேண்டாம். தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும்.

இனி லில்லி. பயிற்சியாளர் சொல்வதில் பாதி உண்மை. 1973 ஜனவரியில் பாகிஸ்தானுக்கு எதிரான சிட்னி டெஸ்டில் முதுகுவலியோடு, வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவர் வீசினார். ஆஸ்திரேலியா 52 ஓட்டத்தில் வென்றது. பல்லைக் கடித்த கதை அதோடு சரி. அடுத்து வெஸ்ட் இண்டீஸ் போனார். கிங்ஸ்டனில் ஒரே ஒரு டெஸ்ட், ஒரு விக்கெட்கூட இல்லை. கீழ்முதுகில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்று தெரிந்ததும் ஆறு வாரம் உடம்பில் மாவுக்கட்டு. 1972இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டில் 31 விக்கெட் எடுத்த மனிதர், அடுத்த டெஸ்ட் ஆடியது 1974 நவம்பரில், பிரிஸ்பேனில்.

அவரை மீட்டது இடைப்பட்ட அந்தக் காலம்தான். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி நிபுணர் ஃபிராங்க் பைக் வகுத்த திட்டப்படி முதுகையும் வயிற்றையும் கால்களையும் வலுவாக்கினார், பந்து வீசும் முறையான ஆக்ஷனையும் திருத்தினார். 1973-74 பருவத்தில் பெர்த் கிளப் கிரிக்கெட்டில் மட்டையாளராக மட்டும் ஆடினார். உலகின் மிக வேகமான பந்துவீச்சாளர்களில் ஒருவர் ஒரு பருவம் முழுக்கப் பந்தைத் தொடாமல் இருந்தார்! மன உறுதி என்று பேசினால் இதைத்தான் பேச வேண்டும். திரும்பி வந்ததும் இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் தொடரில் 25 விக்கெட். 355இல் 300க்கும் மேற்பட்டவை காயத்துக்குப் பிறகு வந்தவை.

வயது ஏற ஏற வேகம் குறைந்தது. தரையில் பட்டதும் லெக் பக்கத்திலிருந்து ஆஃப் பக்கம் விலகும் லெக் கட்டரும், வேக மாற்றமும், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே மட்டையாளரை ஓயாமல் ஆட வைக்கும் கோடும் அந்த இடத்தை நிரப்பின. 1981இல், 32 வயதில், ஒரே ஆண்டில் 85 டெஸ்ட் விக்கெட். அந்த டிசம்பரில் மெல்போர்னில் அதுவரை டெஸ்டில் அதிக விக்கெட் என்ற உலக சாதனையாக இருந்த லான்ஸ் கிப்ஸின் 309ஐத் தாண்டினார். எனக்கு 1972 லில்லியைவிட இந்த லில்லிதான் பெரியவர்.

பையனுக்கு வருகிறேன். விளையாட்டு மருத்துவரிடம் காட்டி எம்.ஆர்.ஐ. எடுங்கள். எக்ஸ்ரேயில் ஆரம்பக் கீறல் பெரும்பாலும் தெரியாது. கீறல் விழும் முன்பே எலும்புக்குள் சேரும் நீரை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். கீறல் உறுதியானால் மூன்று மாதத்துக்குக் குறையாமல் பந்துவீச்சு கிடையாது. பல பையன்களுக்கு ஆறு மாதம் ஆகும். எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும், வலி நின்றதை வைத்து நீங்கள் முடிவெடுக்க வேண்டாம்.

அந்த ஓய்வில் ஆக்ஷனைப் பாருங்கள். அவனுடைய பழைய வீடியோ இருந்தால் போதும். பின்கால் ஊன்றும்போது இடுப்பும் தோளும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா? பக்கவாட்டு ஆக்ஷனோ நேர்முக ஆக்ஷனோ, இரண்டும் பரவாயில்லை. இடுப்பு மட்டையாளரைப் பார்த்திருக்க, தோள் மட்டும் பக்கவாட்டில் திருகும் கலப்பு ஆக்ஷன்தான் முதுகைத் தின்னும். 1987இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சிப் பள்ளி தொடங்கியதிலிருந்து 2012 வரை லில்லி இங்கே வந்து பயிற்சி கொடுத்திருக்கிறார். அந்தப் பள்ளியில் வளர்ந்த பயிற்சியாளர் யாராவது கிடைத்தால் ஒருமுறை காட்டுங்கள்.

திரும்ப வீசும்போது குறுகிய ரன்-அப், பாதி வேகம், இரண்டு மூன்று ஓவர், ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதலில் ஓவரைக் கூட்டுங்கள், வேகத்தைப் பிறகு. இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். 16, 17 வயதுக்கு ஒரு ஸ்பெல்லில், அதாவது இடைவிடாமல் வீசும் ஒரு சுற்றில், 7 ஓவர், ஒரு நாளில் 18 ஓவர் என்பது இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல ஆண்டுகள் வைத்திருந்த வரம்பு. வலைப்பயிற்சியில், அதாவது நெட்ஸில், வீசும் பந்துகளையும் கணக்கில் சேருங்கள். நம்மூர்ப் பையன்களின் முதுகு போவது பெரும்பாலும் மேட்சில் அல்ல, யாரும் எண்ணாத நெட்ஸில்.