வாசகர் கேள்வி பதில்: கோழிக்கால் குடிசைக்குள் ஒரு மணி நேரம்

கேள்வி: என் மகள் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறாள். அங்கே 'எஸ்கேப் ரூம்' என்ற திகில் விளையாட்டுக்குத் தோழிகள் அழைக்கிறார்களாம். இருட்டறையில் அடைத்துவிட்டு, பாபா யாகா என்னும் சூனியக்கிழவி வேடத்தில் ஒருவர் வந்து மிரட்டுவாராம். அனுப்பலாமா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: தாராளமாகப் போகட்டும், ஆனால் கதவைப் பற்றி விசாரித்துவிட்டுப் போகட்டும். 2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கோஷலின் நகரில், பிறந்தநாள் கொண்டாடச் சென்ற 15 வயதுச் சிறுமியர் ஐவர், இத்தகைய அறையொன்றில் தீப்பிடித்தபோது வெளியேற முடியாமல் இறந்துபோனார்கள். ஆகவே கதவு உள்ளிருந்தே திறக்குமா, மின்சாரம் நின்றாலும் திறக்குமா, ஊழியர் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பாரா, நடிகர் உடலைத் தொடுவாரா, 'போதும்' என்றால் ஆட்டத்தை உடனே நிறுத்துவார்களா என்பதையெல்லாம் பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, அந்த இடம் வேண்டாம்.

மற்றபடி, குழுவாக உள்ளே சென்று, ஒளித்து வைத்த குறிப்புகளைத் தேடிப் புதிர்களை அவிழ்த்து, பெரும்பாலும் 60 நிமிடங்களுக்குள் வெளியேறுவதே விளையாட்டு. 2007-இல் ஜப்பானின் கியோட்டோவில் தக்காவோ கட்டோ தொடங்கிவைத்தது.

கிழவியைப் பற்றிக் கவலை வேண்டாம். கோழிக்கால்களின் மேல் நிற்கும் குடிசையும் மனித எலும்பு வேலியும் அவளுடையவை. உரலில் ஏறி, உலக்கையால் உந்திப் பறந்து, போன தடத்தைத் துடைப்பத்தால் அழித்துக்கொண்டே செல்பவள் அவள். ஆயினும் அவளிடம் ஒரு நியாயம் உண்டு. 1855 முதல் 1863 வரை அஃபனாஸ்யேவ் வெளியிட்ட ரஷ்ய நாட்டார் கதைகளில், நெருப்புக் கேட்டு வரும் வசிலிசா என்ற பெண்ணிடம், மண் கலந்த கசகசாவைப் பொறுக்கிச் சுத்தம் செய்யச் சொல்கிறாள். இறந்த தாய் கொடுத்த பொம்மையின் துணையால் வசிலிசா வேலைகளை முடித்துவிட, கண்களில் கனல் எரியும் மண்டையோடு ஒன்றை வெளிச்சத்துக்குக் கிழவி கொடுத்தனுப்புகிறாள். கட்டளை, கெடு, புதிர், விடுதலை என்று விளையாட்டின் முழு அமைப்பும் கதைக்குள்ளேயே இருக்க, கத்திக்கொண்டு துரத்துவதோடு முடித்துவிடும் அறைகள் பாபா யாகாவை வீணடிக்கின்றன என்பேன்.

ரஷ்யக் கதைகளில் வரும் சாவில்லாத கோஷ்செய் என்பவனின் மரணமோ ஊசிமுனையில் இருக்கிறது. ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் ஒரு பெட்டிக்குள், பெட்டி ஓக் மரத்தடியில். ஏழு கடல் ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்த மந்திரவாதியை அறிந்த நம் வீட்டுப் பெண்ணுக்கு, பெட்டிக்குள் பெட்டியாக வரும் புதிர் மலைப்பூட்டாது. காட்டில் வழி தப்பவைக்கும் லேஷி என்னும் வன ஆவி வந்தால், சட்டையை உள்வெளியாக மாற்றிப் போட்டு, காலணியைக் கால் மாற்றி அணிந்தால் வழி தெரியும் என்பது அங்குள்ள நம்பிக்கை. உங்கள் மகளுக்கு இதுவும் புதிதாக இராது; இரவில் காளையாக உருமாறும் பாலக்காட்டு ஒடியன் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் அவள். முந்தைய நாளே இக்கதைகளைப் படித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், குறிப்புகளைக் கண்டுபிடிக்க உதவும்.