மாறிய கட்டு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் தர்மபுரி மாவட்டத்தில் நில அளவைத் துறையில் பணிபுரிகிறேன். வேலையில் சேர்ந்து 33 ஆண்டுகள் ஆகின்றன. வரும் ஜூன் 30 அன்று பணி ஓய்வு. ஐப்பசி அடைமழையில் நான் பிறந்ததாக அம்மா சொல்வார். பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிட்டார். அவர் பேனா குறித்த கணக்கில்தான் இப்போது வீட்டுக்குப் போகிறேன்.

ஓய்வூதியக் கருத்துரு மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போய்விட்டது. பணத்தைப் பற்றிக் கவலையில்லை. என் சங்கடம் வேறு. ஒரு மாதமாகவே கோப்புகள் என் மேசைக்கு வருவதில்லை. "சார் போகப் போகிறவர், அவருக்கு எதற்குத் தொந்தரவு" என்று அன்போடுதான் அடுத்த மேசைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே புதிதாகத் தேர்வெழுதி வந்த ஒரு பெண் இருக்கிறார். நண்பர்களோ, கடைசி மாதத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதே, யாராவது புகார் எழுதினால் ஓய்வு பெறும் நாளில் பணியிடை நீக்க ஆணைதான் கைக்கு வரும், பேசாமல் மருத்துவ விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் இரு என்கிறார்கள். மகன் மண்டபம் பிடித்துப் பாராட்டு விழா நடத்த வேண்டும் என்கிறான். மீதமிருக்கும் நாற்பது நாளை எப்படிக் கழிப்பதென்று தெரியவில்லை. இரவில் கண்ணை மூடினால் அளந்த நிலங்கள்தான் வருகின்றன. நீங்களும் வருவாய்த் துறையில் இருந்தவர் என்பதால் எழுதுகிறேன்.

மு., பாலக்கோடு

அன்புள்ள மு. அவர்களுக்கு,

விழாவை முதலில் முடித்துவிடுவோம். மகன் ஆசைப்பட்டால் நடத்தட்டும், தடுக்காதீர்கள். சாலையை மறித்து ஃபிளெக்ஸ் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவ விடுப்பு வேண்டாம். 33 ஆண்டுகள் நிலத்தின் அளவைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியவர், கடைசியில் தம் உடம்பைப் பற்றி ஒரு பொய்ச் சான்று வாங்குவது அழகாக இல்லை. ஈட்டிய விடுப்பு கணக்கில் இருந்தால் 240 நாள் வரை எப்படியும் பணமாக வந்துவிடும். கையெழுத்தைப் பற்றிய உங்கள் நண்பர்களின் அச்சத்தை நான் கேலி செய்யமாட்டேன். அப்படி ஆணை வாங்கியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்களே போய் அளந்ததில் கையெழுத்திடுவதும், அளக்காததில் மறுப்பதும் உங்களுக்கு இந்த மாதம் புதிதாக வந்த விதி அல்லவே. உட்பிரிவுக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு விவசாயிக்கு, உங்கள் ஓய்வுத் தேதி ஒரு காரணமாகத் தெரியாது.

இனி உங்கள் சங்கடத்துக்கு வருகிறேன். கோப்பு அடுத்த மேசைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது. நான் 2019-இல், 58 வயதில் ஓய்வு பெற்றேன். மறு ஆண்டு மே மாதம் ஓய்வு வயது 59 ஆயிற்று, 2021-இல் 60 ஆயிற்று. உங்கள் தலைமையாசிரியரைப் போலவே என்னுடையவரும் ஒரு வருடத்தைத் தள்ளிப் போட்டிருந்தால் இன்னும் மூன்றாண்டு சம்பளம் வந்திருக்கும் என்று என் மனைவி இன்றும் சொல்கிறார். அது கிடக்கட்டும். என் கடைசி ஆண்டுகள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையில் கழிந்தன. எந்த ஊர்ப் பதிவேடு எந்த அலமாரியில், எந்தத் துணிக்கட்டில் இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். கேட்ட ஐந்தாவது நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பேன் என்பதால் அலுவலகத்தில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அதனால் ஓய்வு பெற்ற பிறகும் ஆறேழு மாதம் தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. "அண்ணே, அந்தக் கட்டு எங்கே?" என்று கேட்பார்கள். நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பதில் சொல்வேன். அந்த அழைப்புகள் குறைந்துவிடக் கூடாதே என்றுகூட உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன்.

ஒரு நாள் மலையோரக் கிராமம் ஒன்றின் பழைய 'அ' பதிவேட்டை, அதாவது ஊர் நிலங்களின் விவரப் பதிவேட்டை, கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே, மூன்றாவது அலமாரியின் கீழ்த்தட்டில் பக்கத்து ஊர்க் கட்டுக்குள் அது மாறிப்போய்க் கிடக்கிறது என்றேன். மறுமுனையில் இருந்த இளைஞர் நன்றி சொல்லிவிட்டு, "நல்லதுங்க அண்ணே, அந்தப் பாட்டி நாலாவது தடவையா வந்திருக்காங்க, ரெண்டு பஸ் மாறி வராங்க" என்றார். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தக் கட்டு மாறிக் கிடப்பது எனக்குப் பதினோரு ஆண்டுகளாகத் தெரியும். அவிழ்த்துச் சரியாகக் கட்டிவைக்கக் கால் மணி நேரம் போதும். எனக்கு இடம் தெரிந்திருந்ததால் அதைச் செய்யவேண்டும் என்று ஒருமுறையும் தோன்றவில்லை. என் கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைத்திருந்தது, சரிசெய்யாமல் விட்ட வேலைகளின் பட்டியல்தான். அதற்கான பேருந்துக் கட்டணத்தை அந்தப் பாட்டி கொடுத்தார்.

ஆகவே கோப்பு வராத இந்த நாற்பது நாளை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குக் கடைசி நாள்வரை கோப்பு வந்துகொண்டே இருந்தது; அதனால்தான் எனக்கு யோசிக்க நேரமில்லாமல் போயிற்று.

உங்கள் துறையில் இது இன்னும் கூர்மையானது. நிலத்தின் எல்லைக் கற்களைக் காட்டும் புலப்படம் இன்று கணினியில் கிடைக்கிறது. எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்கு எத்தனை மீட்டர் என்பதை அது சொல்லும். எந்தக் கல்லை ஜே.சி.பி. பெயர்த்துப் போட்டது, எது வரப்போடு வரப்பாகப் புதைந்து கிடக்கிறது, எதைப் பங்காளிகள் இரவோடு இரவாக நகர்த்தி நட்டார்கள், மூன்று ஊர் எல்லை கூடுமிடத்துக் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொங்கல் வைக்கிறார்களே, அந்தக் கல்லைத் தொடுவதற்கு முன் யாரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் எந்த மென்பொருளும் சொல்லாது. அவை உங்களிடமும் அளவைச் சங்கிலி பிடித்து உங்களோடு நடந்த சங்கிலிக்காரரிடமும் இருக்கின்றன. ஒரு நோட்டில் ஊர் வாரியாக, புல எண் போட்டு எழுதுங்கள். வழக்கு நடக்கும் இடங்களில் உங்கள் கருத்தை எழுதாதீர்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். எழுதி முடித்ததை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள். கொடுப்பதோடு நிறுத்தாமல், பஞ்சப்பள்ளிப் பக்கமும் மாரண்டஅள்ளிப் பக்கமும் உள்ள சிக்கலான ஊர்களுக்கு அவரை ஒருமுறை நேரில் அழைத்துப் போங்கள். நீங்கள் ஓரமாக நில்லுங்கள், அவர் அளக்கட்டும். ஊர்ப் பெரியவர்கள் உங்களைப் பார்த்துப் பேசினால், "மேடம்தான் இனிமேல்" என்று அவர் பக்கம் கையைக் காட்டுங்கள். அந்த ஒரு சொல் அவருக்கு ஐந்தாண்டு உழைப்பை மிச்சப்படுத்தும். உங்களுக்கு அது சொல்வதற்குக் கஷ்டமாக இருக்கும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இரவில் நிலங்கள் கண்ணில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நம் பாராமகால் மண்ணுக்கு அந்தக் குணம் உண்டு போலும். 1792-இல் திப்புவிடமிருந்து இப்பகுதி கிழக்கிந்தியக் கும்பெனியாரின் கைக்குப் போனபோது, அலெக்சாண்டர் ரீடின் கீழ் இங்கே நிலங்களை அளந்து விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் தாமஸ் மன்றோவும் ஒருவர். பட்டா என்ற சொல் இன்று நம் குடும்பச் சண்டைகளில் இத்தனை புழங்குவதற்கு அந்தக் காலத்து அளவைக்கும் பங்குண்டு. ஏழாண்டுகள் இங்கே இருந்துவிட்டு 1799-இல் வேறிடம் போக நேர்ந்தபோது, தர்மபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தைப் பிரிவது பற்றி அவர் வருந்தி எழுதிய கடிதம் இருக்கிறது. பின்னாளில் சென்னையின் ஆளுநராகவே ஆனவர் அவர். வரி வாங்க வந்த வெள்ளைக்காரருக்கே ஏழாண்டில் அப்படி ஒட்டிக்கொண்டதென்றால், 33 ஆண்டுகள் வெயிலில் நடந்த உங்களுக்கு நாற்பது நாளில் விட்டுவிடுமா? வரட்டும். வரும்போதெல்லாம் எழுந்து விளக்கைப் போட்டு, நோட்டில் விட்டுப்போன கல் ஏதாவது உண்டா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும். ஊர்களுக்குப் போகும் நாட்களில் காலை ஆறரைக்கே கிளம்பிவிடுங்கள். தக்காளி மண்டி வண்டிகளும் மாங்காய் லாரிகளும் சாலையை அடைத்துக்கொண்டால், வெயில் ஏறுவதற்குள் இரண்டு கல்லைக்கூடக் காட்ட முடியாது.