சந்தனப் பொட்டும் இலையானும்

அன்பின் ஐயா,

என் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். பழ இலையானின் கண்ணில் ஒரு கலம் என்னவாக மாறவேண்டும் என்பதை ‘வளர்ச்சிக் காரணி வாங்கி’, அதாவது வளர்ச்சிக் காரணி என்ற செய்திப்பொருளைக் கலத்தின் மேற்பரப்பில் பிடிக்கும் புரதம், தீர்மானிக்கிறதாம். வளர்க்காத ஒன்றுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டாள். இதெல்லாம் தமிழில் விளங்காது, இங்கிலீசில் படி என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்பின் தங்கச்சி,

மகள் கேட்டது நல்ல கேள்வி. ஸ்டான்லி கோஹென் என்ற அமெரிக்க விஞ்ஞானி எலிக்குட்டிகளுக்கு ஒரு சாற்றை ஏற்றியபோது அவற்றின் இமைகள் நாள் முந்தித் திறந்தன. அந்தச் சாற்றிலிருந்த பொருள் தோலின் வளர்ச்சியைத் தூண்டியதால் வந்த பெயர்தான் வளர்ச்சிக் காரணி. 1986இல் நோபல் பரிசும் கிடைத்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது. இலையானில் அதே வகை வாங்கி ஒரு கலத்தை இரண்டாகப் பிரியச் சொல்லும், சாகாதே என்னும், நீ இன்னதாக மாறு என்றும் சொல்லும். கலம் அந்த வேளையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏழாவது ஒளிக்கலம் இல்லாமற்போன ‘செவன்லெஸ்’ இலையானின் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

உங்கள் கடைசி வரியைப் படித்தபோது கையிலிருந்த தேத்தண்ணீர் ஆறிவிட்டது. தமிழில் விளங்காதா? எனக்கு விளங்கவில்லை என்று சொல்லுங்கள், மரியாதையாக இருக்கும்.

கொட்டாஞ்சேனையில் தகரக் கூரை போட்ட ஒரு டியூஷன் மண்டபம். கரண்ட் இல்லாத பின்னேரம். மாஸ்டர் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசற்படியில் நிறுத்தினார். வாசல்தான் கலமென்சவ்வு, பிள்ளைகள்தான் வாங்கிகள். ஆளுக்கு ஒரு கை வெளியே, மற்றக் கை உள்ளே. வெளிக்கையில் கதலிப் பழத்துண்டு ஒன்றை வைத்தார். அதுதான் காரணி. பழம் வந்ததும் இருவரும் தோளோடு தோள் ஒட்டி நிற்கவேண்டும். பிறகு உள்ளே சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

“உன் கைக்கு நீ வைக்கக்கூடாது. பக்கத்தில் நிற்பவளின் கைக்கு வை.”

அந்தப் பொட்டுத்தான் பொஸ்பேற்று, ஒரு வாங்கி மற்றதன் உட்பகுதியில் ஒட்டும் சிறு இரசாயனக் கூட்டம். அதைக் கண்டு டிஆர்கே என்ற புரதம் ஓடிவரும், கூடவே சொஸ் என்ற இன்னொரு புரதத்தை இழுத்துக்கொண்டு. இனி வருகிற பெயர்களும் புரதங்கள்தான். சொஸ் ராஸை எழுப்பும், ராஸ் ராஃபை எழுப்பும், ராஃப் மெக்குக்கும் மெக் எர்க்குக்கும் பொட்டு வைக்கும், எர்க் கருவுக்குள் போய் பரம்பரையலகுகளைத் தட்டும். செய்தி உள்ளே போக, பழம் படிதாண்டத் தேவையில்லை. இதை விளங்கிக்கொள்ளாமல் ‘பொஸ்போரிலேசன்’ (பொஸ்பேற்று ஒட்டுவதுதான்) என்று நூறு தரம் எழுதிய பையன்களை எனக்குத் தெரியும். மகள் இங்கிலீசும் படிக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் நீங்களே வாசலை மூடாதீர்கள், தங்கச்சி.

படியில் நின்றவர்களில் ஒருத்தி என் தங்கை. அன்றிரவு சாப்பிடும்போதும் அவள் இடக்கையைக் கழுவவில்லை. அம்மா ஏசினா. “பொட்டு போனால் டிஆர்கே வராது” என்றாள்.