பேட்ஜரைத் துரத்திவிட்டு யாரை வரைவது?

கேள்வி: பேரனுக்குப் பள்ளியில் கொடுத்தனுப்பும் படக்கதைப் புத்தகங்களில் எப்போது பார்த்தாலும் பேட்ஜர், நரி, முள்ளெலிதான். மொரிஷியஸ் பிள்ளைகளுக்கு ஐரோப்பியக் காட்டு விலங்குகள் எதற்கு? நம் மண்ணின் விலங்குகள் உள்ள புத்தகங்களை மட்டுமே பள்ளிகளில் வைக்க வேண்டும் என்று நீங்கள் ஏன் எழுதக் கூடாது?
– ஒரு தாத்தா, ரோஸ் ஹில்

பதில்: எழுதலாம். ஆனால் புத்தகம் சீக்கிரமே முடிந்துவிடும், பரவாயில்லையா? மனிதர் வருவதற்கு முன் இந்தத் தீவின் தரைமேல் இருந்த பாலூட்டி வௌவால் மட்டும்தான். மானை 1639இல் ஜாவாவிலிருந்து டச்சுக்காரர்கள் கொண்டுவந்தார்கள். கீரியை 1900இல் எலி பிடிக்க இறக்கினார்கள். குரங்கும் கப்பலேறி வந்ததுதான். (நாமும்தான், அதை விடுங்கள்.) மிஞ்சிய வௌவாலையும், லிச்சியும் மாம்பழமும் தின்கிறது என்று 2015 முதல் அரசே ஆயிரக்கணக்கில் கொன்றது. பறவை, பல்லிகளைச் சேர்த்தால் இன்னும் சில பக்கம் தேறும். தைப்பூசக் காவடியில் மயிலிறகு கட்டுகிறோமே, மயில் என்ன மோக்காக் காட்டிலா மேய்கிறது?

பேட்ஜர் மேல் எனக்குப் பகையில்லை. 1984இல் சூசன் வார்லி எழுதி வரைந்த படக்கதையில் ஒரு கிழ பேட்ஜர் இறந்துபோகிறது. காகிதம் கத்தரிக்கத் தனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான் என்று அகழெலி நினைத்துப் பார்க்கிறது. நரிக்கு டை கட்டக் கற்றுத்தந்ததும் அதுதான். சாவைக் குழந்தைக்கு இவ்வளவு பதமாகச் சொன்ன புத்தகங்கள் குறைவு. செத்தது ஒரு மனிதத் தாத்தா என்றால் எந்த இனம், எந்தக் கோயில் என்று நம்மவர்கள் கேட்பார்கள். பேட்ஜருக்கு அந்த வம்பில்லை. நிஜ பேட்ஜர் ஞானி ஒன்றுமல்ல. பகலெல்லாம் வளைக்குள் தூங்கி, ராத்திரி மண்ணைக் கிளறி மண்புழு தின்னும். அதையும் பேரனிடம் சொல்லுங்கள், சிரிப்பான்.

சரி, உங்கள் குறையில் ஒரு நியாயம் இருக்கிறது. முள்ளெலிப் படத்தைக் காட்டினால் நம் பிள்ளைகள் ‘தாங்’ என்று கத்துகிறார்கள். ‘இது தாங் இல்லை’ என்று திருத்திவிட்டு ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். அங்கேதான் எனக்கு எரிச்சல். பின்னே, தாங் என்றால் என்ன என்று யார் சொல்வது? டென்ரெக் என்கிற அந்தச் சிறு விலங்கும் மடகாஸ்கரிலிருந்து வந்ததுதான். முள் இருந்தாலும் முள்ளெலிக்குச் சொந்தமில்லை, யானைக்குத்தான் தூரத்து உறவு. ஒரே ஈற்றில் முப்பது குட்டிகள் வரைகூடப் போடும். குட்டிகளின் கறுப்பு உடம்பில் வெளிர்நிறக் கோடுகள் ஓடும். முதுகு முட்களை உரசிச் சத்தம் எழுப்பும். குளிர்மாதங்கள் வந்தால் வளைக்குள் உறக்கம். படம் வரைகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? நம்மில் பலருக்கோ தாங் என்றதும் கறிச்சட்டிதான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே நீங்கள் கேட்ட கட்டுரையை நான் எழுதப்போவதில்லை. நீங்களே தாங் குடும்பத்தைப் பற்றித் தமிழில் ஒரு கதை எழுதுங்கள், பேரன் படம் போடட்டும். சிறுவர் பக்கத்தில் வெளியிடுகிறேன். சமையல் குறிப்பு மட்டும் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள்.