டயட் பானம் எனக்கு மட்டும் ஏன் கசக்கிறது?

கேள்வி: சர்க்கரை இல்லாத கோலா அக்காவுக்கு நன்றாக இனிக்கிறது. எனக்கோ விழுங்கிய பிறகு கசப்பு, நாக்கில் இரும்பை வைத்த மாதிரி. ‘எல்லாம் உன் நினைப்பு’ என்கிறாள். உண்மையில் இது பரம்பரை விஷயமா?

பதில்: நினைப்பு என்று தள்ளிவிட முடியாது. இனிப்பை உணர நாக்கில் முக்கியமாக ஒரே ஒரு ஏற்பிதான் (ஏற்பி என்பது சுவையைப் பிடித்துக்கொள்ளும் புரதம்). கசப்புக்கோ சுமார் 25. சாக்கரின், அசிசல்ஃபேம் பொட்டாசியம் என்ற செயற்கை இனிப்பூட்டிகள் இனிப்பு ஏற்பியைத் தூண்டும் கையோடு டாஸ்2ஆர்31, டாஸ்2ஆர்43 என்ற இரண்டு கசப்பு ஏற்பிகளையும் உசுப்பிவிடுகின்றன. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; இவற்றின் சங்கிலியில் 35ஆம் இடத்தில் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் அமைந்தவர்களுக்குக் கசப்பு தூக்கலாகத் தெரியும். உடன்பிறந்தவர்களுக்குப் பொதுவாக அமைவது ஏறத்தாழப் பாதி மரபணுதான். அக்காவுக்கு வேறு வடிவம் வாய்த்திருக்கலாம்.

லேபிளில் இனிப்பூட்டியின் எண்ணைப் பாருங்கள். 950 அசிசல்ஃபேம், 954 சாக்கரின். 951, அதாவது அஸ்பார்ட்டேம் மட்டும் உள்ளதைக் குடித்துப் பாருங்கள் (ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது). பல பானங்களில் 950, 951 இரண்டும் கலந்தே இருக்கும். ஸ்டீவியாவுக்கு (960) மாறினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது டாஸ்2ஆர்4, டாஸ்2ஆர்14 என்ற வேறு கசப்பு ஏற்பிகளைத் தூண்டும்.

அக்காவுக்கு நிரூபிக்க வேண்டுமா? 200 மில்லி தண்ணீரில் ஒரு சாக்கரின் மாத்திரை, இன்னொரு 200 மில்லியில் ஒரு அஸ்பார்ட்டேம் மாத்திரை கரையுங்கள். வேறொருவர், நீங்கள் பார்க்காதபோது, ஒரே மாதிரி மூன்று தம்ளர்களில் ஒன்றில் சாக்கரினும் இரண்டில் அஸ்பார்ட்டேமும் ஊற்றட்டும். விழுங்கி அரை நிமிடம் பொறுங்கள், கசப்பு தாமதமாகத்தான் வரும். ஒவ்வொரு தம்ளருக்கும் இடையே வாய் கொப்பளியுங்கள். 6 சுற்றில் 5 முறை கசப்பானதைச் சரியாகச் சொன்னால் அது ஊகமல்ல. 2 முறை என்பது கண்ணை மூடிச் சொன்னாலே கிடைக்கும். பெரும்பாலும் சோதனை கெடுவது, ஒன்று குளிராகவும் மற்றது அறை வெப்பத்திலும் இருப்பதால்தான். குளிர்ச்சி இனிப்பை மட்டுப்படுத்திவிடும்.

கேள்வி: டயட் பானம் பிடிப்பதையே மரபணு டெஸ்ட் சொல்லிவிடுமா?

பதில்: சொல்லாது. பணத்தை மிச்சப்படுத்துங்கள். 2015இல் வெளியான இரட்டையர் ஆய்வின்படி, இனிப்பு எவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது என்பதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சுமார் 30 சதவீதம் மரபணுவால் வருவது. ஆனால் நாக்கு உணர்வது வேறு, கை எடுப்பது வேறு. பிரிட்டனில் லட்சக்கணக்கானோரின் மரபணு, உடல்நலத் தகவல்களைத் திரட்டி வைத்திருக்கும் பயோபேங்க் தரவை வைத்து 2019இல் வந்த ஆய்வில், சர்க்கரை பானம் குடிப்பதோடு தொடர்புடையதாகத் தெரிந்தது எஃப்டிஓ மரபணு. அது சுவை மரபணுவே அல்ல, உடல் எடையோடு சம்பந்தப்பட்டது. இன்னொரு சிக்கல்: எடை கூடியவர்கள் அதனாலேயே டயட் பானத்துக்கு மாறுவதுண்டு. அப்போது எடையைக் கூட்டும் மரபணு, டயட் பானத்தை விரும்பவைக்கும் மரபணுவைப் போல வேஷம் போட்டு நிற்கும்.