சித்திரை மழையில் தேன்சிட்டுக் கூடு தாங்குமா?

செம்பருத்திக் கிளையில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது, தினமும் மாலையில் மழை, மேலே பாலிதீன் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்தக் கூட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். வாசலுக்கு மேலே நம் வீட்டுத் திண்ணைக்கு இருப்பதுபோல ஒரு சின்னத் தாழ்வாரம் நீட்டிக்கொண்டிருக்கும். நாரையும் சருகையும் சிலந்தி வலையால் பின்னியிருப்பதால் காற்றில் ஆடுமே தவிர எளிதில் பிய்யாது. கட்டுவது பெரும்பாலும் பெண் பறவைதான். வழக்கமாக 2 முட்டை இடும், அடைகாக்க ஏறத்தாழ இரண்டு வாரம்.

உண்மையான சிக்கல் நனைவதைவிடப் பசிதான். குஞ்சுகளுக்குத் தேன் மட்டும் போதாது, பூச்சியும் சிலந்தியும் வேண்டும். விடாத மழையில் அவற்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். மழை விட்டதும் தாயும் தகப்பனும் மாறி மாறிப் பறந்து வருவதைப் பார்க்கலாம். (அதே நேரத்தில் ஈசல் கிளம்பினால் மைனாவுக்கும் கரிச்சானுக்கும் விருந்து. எனக்கு அதுதான் தோட்டத்தின் சிறந்த காட்சி.)

கிளை ரொம்பத் தாழ்ந்துவிட்டால் மட்டும், தாய் வெளியே போன சமயத்தில் ஒரு சணல் கயிற்றால் மெதுவாகத் தூக்கிக் கட்டுங்கள். மற்றபடி ஜன்னலுக்குப் பின்னால் நின்று பாருங்கள். அடிக்கடி கிட்டே போனால் காக்கைக்கு நாமே வழிகாட்டியது மாதிரி ஆகிவிடும்.